மீன் கழுவிய தண்ணீர்

1

சித்திரை நடுப்பகுதி. செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட மின்சாரக் கம்பனிக்காரர் ஒருவர் கதவைத் தட்டி என் கணவரைக் கேட்டார்.

"மிஸ்டர் கந்தசாமி இருக்கிறாரா?"

இல்லை என்றேன். எப்போது வருவார் என்றார்.

ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சந்தி வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் வந்து "அவர் இருக்கிறாரா" என்று கேட்கமாட்டார்கள். இங்கே ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகச் செத்துக் காட்டவேண்டும். வரிக் கந்தோருக்குக் காட்டியாயிற்று, வங்கிக்குக் காட்டியாயிற்று. தொலைபேசிக் கம்பனிப் பிள்ளை நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணக்கு அவருடைய பெயரில் இருப்பதால் அவரோடு மட்டும்தான் பேசலாம் என்றாள். "எனக்கும் அந்த ஆசைதான் பிள்ளை" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

வந்தவர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பின்வளவுக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார். பந்தலில் நின்ற கொடி கூரைத் தகரத்தைப் பிடித்து ஏறி, வீட்டுக்கு வரும் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மே மாதம் முடிவதற்குள் நாங்கள் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் ஆள் அனுப்பி வெட்டுவார்கள்.

"விஸ்டீரியாதானே? எப்போது பூக்கும்?" என்று கேட்டார்.

"இன்னும் பூக்கவில்லை."

"இந்த வருடமா?"

"ஒரு வருடமும்."

அவர் கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதினாறு வருடமாக நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொப்பியை இன்னொருமுறை கழற்றியிருப்பார்.

அன்று மாலை மகன் நிரோஷ், நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் உள்ள தன் வீட்டில் இருந்து அழைத்தான். விஷயத்தைக் கேட்டதும், "அம்மா, கம்பியில ஏறினால் டேஞ்சர். நான் சனிக்கிழமை மரம் வெட்டுற மெஷினோட வாறன். அடியோட எடுப்பம். ஈஸி" என்றான்.

ஈஸிதான். வெட்டுகிறவனுக்கு என்ன.

2

விஸ்டீரியா என்றால் என்னவென்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். கொன்றைப்பூவைச் சரம்சரமாகத் தொங்கப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சளை எடுத்துவிட்டுக் கத்தரிப்பூ நிறத்தைப் போடுங்கள். கொடியைக் கைமரம் அளவுக்குத் தடிப்பாக்குங்கள். அதை ஒரு செங்கல் வீட்டு முகப்பில் ஏற்றிவிடுங்கள். வைகாசியில் ரொறன்ரோவின் பழைய தெருக்களில், நாங்கள் இருக்கும் ஈஸ்ட் யோர்க் பக்கத்தில், இலை முழுதாக விரியும் முன்பே இது தொங்கும். தெருமுனையில் திரும்பும்போதே வாசம் வந்துவிடும்.

ஆனால் என் கணவர் இதை முதலில் விரும்பியது பூவுக்காக இல்லை. கறிக்காக.

இந்த வீட்டுக்கு வந்த முதல் ஐப்பசி. பக்கத்து வீட்டு மரியா, இத்தாலியில் இருந்து இளம் வயதில் வந்த மனுசி. அவளுடைய வேலியால் ஒரு கொடி எங்கள் பக்கம் சரிந்து கிடந்தது. அதில் பட்டுப்போல மயிர் முளைத்த பச்சைக் காய்கள் கொத்தாகத் தொங்கின. இவர் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"புள்ள, இஞ்ச வந்து பாரு. வாளவரைட சாதி. இந்த வெள்ளைக்காரருக்குத் தின்னத் தெரியா. சும்மா விட்டிருக்காங்க."

மட்டக்களப்பு ஆளுக்கு அவரைக்காயைக் கண்டால் அதற்கு மேல் விசாரணை இல்லை. ஒரு பை நிறையப் பறித்துக் கொண்டுவந்தார். நானும் நார் உரித்து, நறுக்கி, வெங்காயம் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டு அடுப்பில் வைத்தேன். நார் உரிக்கும்போதே காய் கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. குளிர்நாட்டு அவரை அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

கறி கொதிக்கும் நேரத்தில் இவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலியடிக்குப் போய், "தேங்க்யூ, வெரி குட் பீன்ஸ். மை வைஃப் குக்கிங்" என்றிருக்கிறார்.

மரியா வேலிக்கதவைத் திறந்து, கையில் மாவோடு, எங்கள் குசினிக்குள் ஓடிவந்தாள். அதற்கு முன் அவள் எங்கள் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. சட்டியைத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, கழுத்தில் கையை வைத்து நாக்கைத் தள்ளிக் காட்டினாள். "பாய்சன்! பாய்சன்!" அவளுக்கும் எங்களுக்கும் ஆங்கிலம் ஒரே அளவுதான், அதனால் நன்றாக விளங்கியது.

அவள் போனபிறகு மூச்சுவிட முடியாமல் சிரித்தோம். இரண்டு பேரும் செத்திருந்தால் ஊரில் என்ன சொல்லுவார்கள்? யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள், அவரைக்காய்க் கறியில் போனார்கள் என்று.

மறுநாள் பார்த்தால் இவர் ஒரு சாடியில் விதை ஊன்றிக்கொண்டிருக்கிறார். காய் நறுக்கும்போது சில கொட்டைகளை எடுத்து வைத்திருக்கிறார். நான் ஏசினேன்.

"தின்னத்தானே நஞ்சு புள்ள. பாக்கவுமா நஞ்சு?" என்றார்.

3

கொடி முளைத்தது. அடுத்த கோடையில் நிலத்தில் வைத்து, பழைய இரும்புக் குழாய்களைப் பொருத்திப் பந்தல் போட்டார். எங்கள் ஆட்கள் கனடாவில் வீடு வாங்கினால் கதிரை மேசை வாங்குமுன் பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் போடுவார்கள். இவர் பந்தலில் பாகலுக்கு ஒரு மூலைதான் கிடைத்தது. மீதி முழுக்க இந்த மகாராணிக்கு. தான் உடுத்திப் பழசான கட்டம் போட்ட சாரங்களை நாடாவாகக் கிழித்து, கொடியைக் குழாயோடு கட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அண்ணை, இது என்ன காய்?" என்பார்கள். காய் இல்லை, பூ என்பார். பூ எங்கே என்பார்கள். அடுத்த வருசம் என்பார்.

ஊரில் நாங்கள் வீட்டைவிட்டு ஓடிய அன்று எங்கள் பந்தலில் பயிற்றங்காய் பிஞ்சு விட்டிருந்தது. மறுநாள் பறிக்கலாம் என்று விட்டுவைத்தது. வீடு எரிந்த செய்தி பிறகு வந்தது. கொஞ்ச நாள் கழித்து, "அந்தக் காய் முத்திப்போயிருக்கும், என்ன?" என்றார். அதற்குப் பிறகு எதை நட்டாலும் பூத்துக் காய்க்கும்வரை அவருக்கு நித்திரை வராது. இது விளங்கினதால்தான் நானும் அவருடைய கொடிப் பைத்தியத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

வைகாசி வந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே நடக்கப் புறப்படுவோம். மரியா வீட்டு முகப்பில் தொடங்கும். அடுத்த தெருவில் ஒரு கிரேக்கக் குடும்பம் கராஜின்மேல் ஏற்றிவிட்டிருந்தது. அதற்கு அப்பால், மூலையில் நிற்கும் மாடி வீட்டில் இரண்டாம் தட்டு யன்னல் வரைக்கும் பூ. இவர் ஒவ்வொன்றின் கீழும் கோயிலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் வெளியே வந்தால் விடமாட்டார்.

"வாட் யூ கிவ்?"

எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நத்திங்."

"நத்திங்?"

"நத்திங்."

திரும்பி வரும் வழியெல்லாம் புறுபுறுப்பார். "ஒருத்தனும் உண்மை சொல்லுறான் இல்ல புள்ள. ஒண்டும் குடுக்காமல் இப்பிடிப் பூக்குமா? எல்லாரும் ஒளிக்கிறாங்க."

மறுநாள் தன் கொடிக்கு இன்னும் கூடுதலாகக் கொடுப்பார். மாட்டெரு மூட்டை மூட்டையாக வரும். அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது எல்லாம் போகும். சனிக்கிழமைகளில் மீன்கடையால் விளைமீனும் பாரையும் வந்தால், கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிடித்துக் கொடியடியில் ஊற்றிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து அது உறிஞ்சுவதைப் பார்ப்பார். மரியா வேலிக்கு மேலால் கத்துவாள். "நோ ஃபூட்! டூ மச் ஃபூட்!" இவர் கையைக் காட்டிச் சிரித்துவிட்டு, "மனுசிக்கு எரிச்சல்" என்பார்.

கொடி தின்றது. இலைக்குமேல் இலையாகத் தள்ளியது. பந்தலுக்குக் கீழே நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும். பூ மட்டும் இல்லை.

பிள்ளைக்கும் அப்படித்தான் ஊட்டினார். நிரோஷ் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு சோறும் கறியும் டப்பாக்களில் கட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போவார். அவன் ஒருநாள் நண்பர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு, "அப்பா, யூ டோன்ட் ஹாவ் டு கம்" என்றிருக்கிறான். இவர் அதை எனக்குச் சொன்னபோது, பிள்ளை நம் கஷ்டத்தை நினைக்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னார். அடுத்த வெள்ளியும் போனார்.

4

போன வருடத்துக்கு முந்தின மாரியில் வயிற்றுநோ என்று தொடங்கியது. பங்குனிக்குள் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை நான் இதில் எழுதவில்லை.

மருந்து ஏற்றத் தொடங்கினதும் அவருக்கு மீன் மணம் ஆகாமல் போய்விட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த மனிதர், பக்கத்து வீட்டில் மீன் பொரித்தாலும் சத்தி எடுப்பார். வீட்டில் மீன் நின்றுபோனது. எரு மூட்டை தூக்க ஆள் இல்லை. நானும் ஆஸ்பத்திரியும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

கட்டிலை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தோம், கொடி தெரிகிறமாதிரி.

"மீன்தண்ணி ஊத்தினியா புள்ள?"

"முதல் நீங்க எழும்பி மீன் தின்னுங்க. பிறகு அதுக்கு ஊத்துவம்."

"மொட்டு ஏதும் தெரியுதா?"

ஒருநாள் மனம் கேளாமல், ஓம், தெரியுது என்றுவிட்டேன். "உனக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

அந்த வைகாசியில் அவரைச் சக்கரக் கதிரை வண்டியில் வைத்து ஊர்கோலம் கொண்டுபோனேன். கிரேக்கக் குடும்பத்துக் கராஜ், மூலை வீடு, எல்லாம் பூத்துக் கிடந்தன. மூலை வீட்டுக்காரர் இவரைக் கண்டு இறங்கி வந்தார். இவர் கேட்குமுன்பே, சிரித்துக்கொண்டு, "நத்திங்!" என்றார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பல் எடுப்பாகத் தெரிந்தது. மெலிந்துபோனதால் அப்படித் தெரிந்தது. நான் வண்டிக்குப் பின்னால் நின்றதால் நான் அழுதது அவருக்குத் தெரியாது.

ஐப்பசியில் போய்விட்டார். கொடி இலை கொட்டிக்கொண்டிருந்தது.

5

நிரோஷ் சொன்னபடி சனிக்கிழமை மெஷினோடு வந்தான். நான் பந்தலடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அம்மா, ப்ளீஸ்."

"இஞ்ச பாரு மனே." கொடியில் நுனிக்கு நுனி சாம்பல் நிறத்தில், பூனைவால்போல ஏதோ மொட்டு முளைத்திருந்தது. "இது முந்தி ஒருநாளும் வரயில்ல."

"அது இலை அம்மா. எவ்ரி இயர் அப்பாவும் இதத்தான் சொன்னார். அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு."

"மே கடைசி மட்டும் பொறு. இலையெண்டால் நீ வெட்டு. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. அந்த மொட்டு இலையாகிவிட்டால், அவர் தொட்டதில் உயிரோடு மிஞ்சியிருப்பதையும் நானே கையசைத்து அனுப்பவேண்டும். சட்டைகளைக் கொடுத்தாயிற்று. காரை விற்றாயிற்று. கட்டிலை ஆஸ்பத்திரிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள்.

மே நடுப்பகுதியில் மற்ற வீடுகளில் பூக்கத் தொடங்கியது. வேலை முடிந்து வந்து தனியாக நடந்தேன். ஒரு மனிதர் செத்தால் அந்த வருடம் பூவையும் பார்க்கக்கூடாதா என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஆனால் மரியா வீட்டு முகப்பைத் தாண்டுவதற்குள் கால் நின்றுவிட்டது. பூ அழகாகத்தான் இருந்தது. வாசமும் அதே வாசம்தான். பக்கத்தில் "ஒளிக்கிறாங்க" என்று புறுபுறுக்க ஆள் இல்லாமல் அந்தப் பூவை எப்படிப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கெடு முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு காலை, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு யன்னல் சீலையை ஒதுக்கினேன். பந்தல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

வெளியே ஓடவில்லை. உங்களுக்கு அப்படி எழுதிக்காட்ட ஆசைதான். ஆனால் நான் குசினி நிலத்தில் உட்கார்ந்து, அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று. கேத்தல் தண்ணீர் வற்றி மணக்கும்வரை ஏசினேன். பிறகு சுவரில் இருந்த அவருடைய படத்தைக் கழற்றிக்கொண்டுபோய், பந்தலின் கீழே பிளாஸ்டிக் கதிரையில், அண்ணாந்து பார்க்கிறமாதிரிச் சாய்த்து வைத்தேன். மரியா வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

6

சனிக்கிழமை நிரோஷ் வந்தான். நான் வேண்டுமென்றே அவனுக்குச் சொல்லவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் சுவரோரமாகப் பின்னால் வந்தவன், மூலை திரும்பியதும் நின்றுவிட்டான். மெஷினைப் புல்லில் வைத்தான். பந்தலுக்குக் கீழே போய், பூவைப் பார்க்காமல், குழாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். சாரத்துணியில் போட்ட முடிச்சொன்றைக் கொடி விழுங்கிவிட்டிருந்தது. நீலக் கட்டத் துணியின் நுனி மட்டும் பட்டைக்கு வெளியே தெரிந்தது. அதை விரலால் தடவினான்.

"ஹீ ஜஸ்ட் மிஸ்ட் இட், அம்மா" என்றான். "ஜஸ்ட் மிஸ்ட் இட்."

அப்பாவின் சாவுவீட்டில் வருகிறவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டு, கண்ணீர் விடாமல் நின்ற பிள்ளை. நான் அவனுடைய முதுகில் கையை வைத்தேன். அவன் என்னை விட எவ்வளவு உயரம் என்று அன்றுதான் கவனித்தேன். பிறகு ஏணி வைத்து, கம்பியைச் சுற்றிய கொப்புகளை மட்டும் வெட்டினான். விழுந்த பூவைப் பொறுக்கி, ஒரு பையில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையால் ஒரு இளம் சோடி, குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வேலிக்கு அப்பால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பெண் என்னைக் கண்டு கையசைத்தாள். தங்கள் வீட்டிலும் ஒன்று நட்டிருக்கிறார்களாம், பூக்கவே இல்லையாம்.

"நீங்கள் இதற்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நத்திங்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தரும் ஒளிக்கவில்லை. கிரேக்கக் குடும்பம், மூலை வீடு, மரியா, எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் படுத்த நாளில் இருந்து யாரும் இதற்கு எதுவும் கொடுக்கவில்லை. அதனால்தான் பூத்திருக்கிறது. அவர் எழும்பியிருந்தால், மறுபடி மீன் தின்றிருந்தால், பேசினோடு வந்து இதன் அடியில் குந்தியிருந்தால், இந்த வருடமும் வெறும் இலைதான். இவ்வளவு காலமும் இதைப் பூக்கவிடாமல் வைத்திருந்தது அவருடைய அன்பு.

இதில் ஏதோ பாடம் இருக்கிறதென்று யாரும் எனக்கு எழுதவேண்டாம். அளவோடு கொடுக்கவேண்டும், விலகி நிற்கவேண்டும் என்றெல்லாம் நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தப் பாடம் வேண்டாம். நெஞ்சு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் மீன்கடைக்குப் போனேன். நீண்ட காலத்துக்குப் பிறகு போகிறேன். கடைக்காரத் தம்பி, "அன்ரி, எங்க காணயில்ல? அங்கிள் சுகமா?" என்றார். அவருக்கும் சொன்னேன். பெரிய விளைமீனாகத் தேடி எடுத்து நிறுத்தார். வெட்டி, கழுவித் தரவா என்றார். வேண்டாம், முழுசாகத் தாங்க, நான் வீட்டில் கழுவிக்கொள்கிறேன் என்றேன்.

என் கணவர் தண்ணீர் பிடிக்கும் அதே பேசினில் மீனைக் கழுவினேன். சிவந்த தண்ணீரைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு பந்தலடிக்குப் போனேன். பூ உதிரத் தொடங்கியிருந்தது. நிலமெல்லாம் ஊதா. கொடியடியில் குந்தி, பேசினைச் சரித்தேன்.

மரியா வேலிக்கு மேலால் கத்தினாள். "நோ! நோ ஃபூட்! நெக்ஸ்ட் இயர் நோ ஃபிளவர்!"

"எனக்குத் தெரியும் மரியா" என்று தமிழில் சொன்னேன்.

மிஞ்சியிருந்ததையும் ஊற்றினேன். பிறகு அது உறிஞ்சி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.